தண்ணி ஆறிப்போச்சு

"அந்தத் தொட்டி இருக்கே, சுத்த வேஸ்ட்டு!"

தடுப்பூசி வரிசையில் வேன் அக்கா வாயைத் திறந்ததுமே தையல்காரிக்கு வயிறு எரிந்தது.

வேன் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. காதோடு ரகசியம் சொன்னாலும் ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கும்.

"பிரசவ ரூம்ல வெந்நீர்த் தொட்டிக்குள்ள உட்கார்ந்து பிள்ளை பெத்தா வலியே தெரியாதுன்னாங்க. எங்க? அரை மணி நேரத்துல தண்ணி ஆறிப்போச்சு. பல்லு தந்தியடிக்குது. எழுந்திரிச்சா வழுக்குது. அதுக்குக் கட்டிலே தேவலாம்!"

"எனக்கு அப்படி இல்லையே," என்றாள் பெஞ்சின் கோடியில் இருந்தவள். "இடுப்பு வலி பாதியா கொறைஞ்சுது."

"எனக்குப் பயமாப் போச்சு. பத்தே நிமிஷத்துல வெளிய வந்துட்டேன்," என்றாள் இன்னொருத்தி.

"பாத்தியா? அவளைக் கேளு!" என்று தையல்காரியின் முழங்கையை இடித்தாள் வேன் அக்கா.

தையல்காரி மடியில் கிடந்த மகளின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

ஒன்பது மாதமும் மெஷினை மிதித்துக்கொண்டே அந்தத் தொட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கி மார்பில் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வலி வந்த அன்று தொட்டியும் கிடைத்தது. மூன்று மணி நேரம் இருந்தாள். அப்புறம் வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு இறங்கிவிட்டது என்று அவசரமாக வெளியே எடுத்து, ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது பிள்ளை துணியில் சுற்றித் தொட்டிலில் கிடந்தது.

"ஊருக்கெல்லாம் தையல் போடுறவளுக்கே தையல் போட்டுட்டாங்க," என்று புருஷன் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டினால், தண்ணீரைவிட்டுத் தூக்க மனசில்லாமல் அதன் சின்னக் குளியல் தொட்டிக்குள் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

முதல் ஊசிக்கு வந்த அன்று இதே பெஞ்சில் மூக்கைச் சிந்திச் சிந்தி இதையெல்லாம் சொன்னாள். பக்கத்தில் இருந்த வேன் அக்கா, "அட, உன்னைத் தியேட்டருக்குக் கொண்டுபோனதும் அதே தொட்டியில எறங்கினவ நான்தான்! நீ தப்பிச்சே, போ!" என்றாள்.

அன்று ஆரம்பித்த பாட்டு. இது மூன்றாவது ஊசி.

திட்டி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வேறு.

"ஆமா, உனக்கு எப்படி இருந்துச்சு? அந்த வெந்நீர் முதுகுல பட்டப்போ?"

இன்றைக்கும் கேட்டாள். தையல்காரியால் தாங்க முடியவில்லை.

"கெடைச்சதோட அருமை உங்களுக்குத் தெரியலக்கா! எனக்கு மட்டும் அப்படிக் குழந்தை பொறந்திருந்தா, ஆயுசுக்கும் அதையே நெனைச்சுச் சந்தோஷப்படுவேன். நீங்க என்னடான்னா, தண்ணி ஆறிப்போச்சு, தரை வழுக்குதுன்னு..."

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேன் அக்கா கோபப்படவில்லை. மகனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அட, நீ ஏங்கற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லடி," என்றாள். அதிசயமாக, மெதுவான குரலில்.

உள்ளேயிருந்து தையல்காரியைக் கூப்பிட்டார்கள். ஊசி போடும் நர்ஸம்மாதான் பிரசவத்தன்று தொட்டிக்குப் பக்கத்தில் வெப்பமானியோடு உட்கார்ந்திருந்தவள். தையல்காரிக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"எனக்கு அரை மணிக்கொரு தரம் சூடு பாத்து வெந்நீர் ஊத்தினீங்களே, அந்த வேன் ஓட்டுற அக்காவுக்கு மட்டும் ஏன் சிஸ்டர் தண்ணியை ஆற விட்டீங்க? இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது.

"என் தொட்டியிலயா? தண்ணி ஆறிச்சா? அவங்க எங்கம்மா தொட்டியில எறங்கினாங்க?"

"எனக்கு அப்புறம்..."

"உங்களுக்கு அப்புறம் தண்ணியை வடிச்சு, தேய்ச்சுக் கழுவி, திரும்ப நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும்மா. அதுக்குள்ள அவங்களுக்குக் கட்டில்லயே பையன் பொறந்தாச்சு. அவங்களும் மாசக்கணக்கா அந்தத் தொட்டியைக் கேட்டுட்டிருந்தவங்கதான், பாவம்."

தையல்காரி மகளின் காலைப் பிடித்தபடி நின்றாள். நர்ஸம்மா பஞ்சால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு நான் மொதல்ல நிரப்பினதே அவங்களுக்குத்தான். பக்கத்து ரூம்ல நீங்க கத்தின கத்தலைக் கேட்டுட்டு, 'நான் தாங்கிக்கறேன், அந்தப் பொண்ணை எறக்குங்க'ன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது.

வெளியே வந்தபோது வேன் அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"பிள்ளைக்கு ஊசி போட்டா நீ ஏண்டி அழறே? உட்காரு. அந்தத் தண்ணி இருக்கே..."

தையல்காரி அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்கல்ல?"

வேன் அக்கா பேச்சை நிறுத்தினாள். மகனை மடியில் கிடத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தாள்.

"சொல்லு."

"தண்ணி ஆறவே இல்லக்கா," என்று ஆரம்பித்தாள் தையல்காரி.