வந்தாச்சுங்க

"மெஷினுக்குக் காது சரியில்லக்கா. இங்கிலாந்துப் பேச்சை இனி விட்டுருவோம்" என்றான் லோரன்ஸ், நனைந்த சப்பாத்தைக் கழற்றியபடி.

அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அந்தோனியம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். காலையில் மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி அவனை நுவரெலியாவுக்கு அனுப்பிவைத்தவளே அவள்தான். லோரன்ஸ் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பேசவே அலுப்பாக இருந்தது.

"என்னடா சொல்ற? ரெண்டு வருஷமா இதுக்காகத்தானே கேம்பஸ்லயே கெடந்த?"

கிடந்தது உண்மைதான். ஒரு குரலைக் கேட்டு அது யாருடையது என்று கம்பியூட்டரே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழியை அவன் மண்டையைக் குடைந்து எழுதியிருந்தான். மெஷினுக்கு அறிவூட்டும் அந்தத் துறையில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய, இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவரிடம் ஒரே ஓர் இடம் இருந்தது. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனை அப்படியோர் இடம் இன்னொரு தடவை தேடி வராது.

"காது சரியில்லன்னா?"

"நம்ம பெரட்டுல பதிஞ்ச டேப்பத்தான் மெஷினுக்குக் குடுத்தேன். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேரா கூப்புடுவாரு, அவங்கவங்க 'வந்தாச்சுங்க'ன்னு சொல்லுவாங்கல்ல? அதக் கேட்டு எது யாரு கொரலுன்னு அது பிரிக்கணும்."

மைக்கை முகத்துக்கு நேரே நீட்டினால் சனம் கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரிப் பேசும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில்தான் உள்ளபடியான குரல் வரும் என்று நினைத்தே அவன் அங்கே போனான். மழைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்று பதிந்தான். கம்பளியைத் தலையோடு போர்த்தி நின்ற பெண்களில் யார் யாரென்று பனியில் தெரியவில்லை. கணக்கப்பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கிற ஆள் இல்லை. பதில் வந்தால் பேர் விழும், வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்.

"பிரிச்சுச்சா இல்லையா?"

"எல்லாரையும் சரியாப் பிரிச்சுட்டு அஞ்சு பேருகிட்ட கவுந்துருச்சுக்கா. ராக்காயி அக்கா, வீரம்மா, வேலாயி, சண்முகவடிவு... அக்கா, ரொட்டி கருகுது!"

அந்தோனியம்மா அவசரமாக ரொட்டியை எடுத்துப் போட்டாள். அடுத்ததைத் தட்டவில்லை.

"கவுந்துருச்சுன்னா என்னடா?"

"அஞ்சும் ஒரே பொம்பளையாம்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எழுதினத வரி வரியாப் பாத்துட்டேன். எங்க பிழைன்னே புடிபடல."

பேராசிரியர் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. நுவரெலியா ஹோட்டல் அறையில் டேப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். எனக்கும் ஐந்து குரலாகத்தான் கேட்கிறது, ஆனால் உன் மெஷின் ஒன்று என்கிறதே, இரண்டில் எது உண்மை என்று நீயே சொல் என்றார்.

"நீ என்ன சொன்ன?" அக்கா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள்.

"என்னத்தச் சொல்றது? சின்னப் புள்ளையில என்னைய இடுப்புல தூக்கித் திரிஞ்சவங்கக்கா அவங்க. அவங்க கொரல் எனக்குத் தெரியாதா? அஞ்சு பேருதான், என் வேலைதான் பிழைன்னு ஒத்துக்கிட்டேன்."

"அய்யோ! ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன். அவரு கைகுடுத்துட்டு, வெளிய நின்ன கொழும்புப் பையனக் கூப்புட்டாரு. அந்த எடம் இப்ப அவனுக்கு."

அந்தோனியம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து தம்பிக்கு எதிரே குந்தினாள். ஒப்பாரி வைக்கப் போகிறாள், அதையும் நாம்தான் தேற்ற வேண்டும் என்று லோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"போய்த் திருப்பிச் சொல்ல முடியாதா தம்பி?"

"என்னத்தத் திருப்பிச் சொல்ல? அவரு இந்நேரம் பிளேன் ஏற கட்டுநாயக்காவுக்குக் கெளம்பியிருப்பாரு. விடுக்கா."

அவள் விடவில்லை. போர்த்தியிருந்த கம்பளியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அந்த அஞ்சாவது பேரு... என்னோடதா?"

லோரன்ஸ் கண்ணைத் திறந்தான். அக்காவின் மனம் நோகும் என்று வேண்டுமென்றேதான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தான். கூடப் பிறந்தவளின் குரலையே மற்றவர்களோடு குழப்பிய மெஷினை நம்ப முடியாது என்றுதான் பேராசிரியரிடம் தலை குனிந்தான்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவளுக நாலு பேருக்கும் கைப்புள்ளடா. புள்ளக்காம்பராவுல விட்டுட்டு ஓடி வர்றதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிரும், பேரு போயிரும்" என்றாள் அந்தோனியம்மா. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, வேலாயியின் கீச்சுக்குரலில் ஒரு தடவை, ராக்காயியின் கட்டைக்குரலில் ஒரு தடவை, "வந்தாச்சுங்க" என்றாள்.

லோரன்ஸ் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"மத்த நாலும் நாந்தான்டா, தம்பி."