கப்பல் பணத்தில் பாதி

விஜயராஜுக்குத் தொழில் திருட்டு. அந்தத் தொழிலுக்கு அவன் படிக்கும் செய்தித்தாள், ஃப்ளெக்ஸ் பேனர். யார் சபரிமலைக்குப் போகிறார், யார் மகள் பிரசவத்துக்கு துபாய் போகிறார், வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்பதையெல்லாம் அவரவர் சொந்தச் செலவிலேயே அச்சடித்துத் தெருமுனையில் கட்டிவிடுகிறார்கள்.

ஜமுனாமரத்தூரில் கட்டியிருந்தது அவன் படித்ததிலேயே சிறந்தது. 'மலை இறங்கிக் கடல் ஏறும் மாவேந்தரே, சென்று வருக!' முன்னாள் கவுன்சிலர் கோபால்சாமி சுருட்டை முடியும் முறுக்கு மீசையும் முப்பத்திரண்டு பல்லுமாகச் சிரித்தார். பின்னால் ஏழு மாடி சொகுசுக் கப்பல். கீழே, புறப்படும் தேதியும் திரும்பும் தேதியும்.

புயலால் கப்பல்கள் ரத்து என்று டிவியில் சொன்னபோது விஜயராஜ் துப்பு விசாரிக்கக் கிளம்பினான். நல்லவேளையாக டீக்கடையில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டினார்கள். அதில் வந்த படத்தில் கப்பலின் மேல்தளத்தில் கோபால்சாமி நின்றிருந்தார். கீழே அவரே எழுதியிருந்தார்: 'மற்ற கப்பல்கள் பயந்து நின்றுவிட்டன. நம் கப்பல் நிற்கவில்லை. கேப்டன் என்னிடம் யோசனை கேட்டார்.'

ஊரே சாமை அறுக்கப் போயிருந்த நண்பகலில், கோபால்சாமி வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாளைக் கம்பியால் நெம்பி, விஜயராஜ் உள்ளே நுழைந்தான்.

சமையலறையில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார்.

வழுக்கைத் தலை, மீசையில்லாத பொக்கை வாய், இடுப்பில் ஒரு துண்டு. வெளியே தலை தெரியாதபடி ஜன்னலுக்குக் கீழே குந்தி, செல்போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"கோபால்சாமிதான் மேடம் பேசுறேன். ஆமா, கப்பல்ல ஏறல. கட்டின பணம் வேணும். கடுதாசி கிடுதாசி வூட்டுக்கு அனுப்பிடாதீங்க... பொறந்த தேதியா? உங்ககிட்ட எதைக் குடுத்தேன்னு ஞாபகம் இல்லீங்களே."

விஜயராஜ் கம்பியைத் தாழ்த்திக்கொண்டு ஒட்டுக் கேட்டான். வீட்டுக்காரன் நடுக்கடலில் கேப்டனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த ஆள் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து, அவன் பெயரைச் சொல்லி, புயலைச் சாக்காக வைத்துக் கப்பல் பணத்தைக் கறக்கப் பார்க்கிறான். பீரோ உடைக்கும் தன் பிழைப்பு கற்காலத்துக்குப் போய்விட்டதாக விஜயராஜுக்குத் தோன்றியது.

ஆள் நிமிர்ந்து பார்த்து, முகம் வெளுத்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கத்தாதப்பா. உன் கால்ல வுழறேன்."

"நான் எதுக்குக் கத்தறேன்? எனக்கு சந்தவாசல். நீ எந்த ஊருத் தொழில்காரன்?"

ஆள் விழித்தார். அவன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். "வாணியம்பாடி."

"நல்லா பண்றே அண்ணாத்த. பொறந்த தேதியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்திருக்கலாம். வர்றதுல பாதி எனக்கு."

"சரிப்பா. ரொம்ப சந்தோஷம்."

பேரம் பேசாத கூட்டாளியை விஜயராஜ் இதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் குந்தி, போனில் காதை ஒட்டினான்.

"புயல்ல ரத்தான எல்லாக் கப்பலுக்கும் ஒரே மாதிரிதான் சார்," என்றது தேன் குரல். "பணமாத் தர்றதில்ல. கிரெடிட்டா வெச்சுக்குங்க. அடுத்த வருஷக் கப்பல்ல கழிச்சுக்கலாம்."

எந்தக் கப்பல் போனது, எது நின்றது என்று கம்பெனிக்கே தெரியவில்லை போலிருக்கிறது. விஜயராஜுக்கு அது நல்லதாகத்தான் பட்டது. ஆனால் கிரெடிட்டில் பாதியை எந்த அடகுக்கடையில் வாங்குவார்கள்? அவனுக்கு நியாயமான கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாங்கின காசைத் திருப்பிக் குடுக்காம வெச்சிக்கிறதுக்குப் பேரு இன்னாம்மா, கிரெடிட்டா?" என்று போனில் குரலை உயர்த்தினான். "இதையே நாங்க பண்ணா ஆறு மாசம் உள்ள போடறாங்க. நீங்க பண்ணா பின்னால பாட்டு போட்டு லைன்ல நிக்க வெக்கறீங்க."

ஆள் பதறிப்போய் அவன் வாயைப் பொத்துவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"யார்ரா உள்ள?" அறுப்புக்குப் போகாத பக்கத்து வீட்டுப் பெரியம்மாளின் குரல் வாசலில் கேட்டது. "கோபால்சாமி கப்பல்ல கீறாரு, அவரு வூட்ல ஆம்பள பேச்சு கேக்குது. எல்லாம் ஓடியாங்க."

சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கதிர் அரிவாளோடு ஓடிவரும் சத்தம் கேட்டது.

"எழுந்திரு அண்ணாத்த. பின்பக்கமா ஓடிடலாம்."

ஆள் எழவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை அவிழ்த்து, விஜயராஜின் கையில் திணித்தார்.

"பீரோ உள்ரூம்ல கீது. வேணும்ங்கிறத வாரிக்கினு ஓடு. நான் பரண்ல ஏறிக்கிறேன்." பொக்கை வாய் குழறியது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஒருவேளை நீ மாட்டிக்கினா, உள்ள இன்னொரு திருடன் இருந்தான்னு சொல்லு, வூட்டுக்காரன் இருந்தான்னு மட்டும் சொல்லிடாதப்பா."