வெள்ளைத் தாள்

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். போன வருடப் பதிவேட்டை எடுக்கப் போனவள், அதற்கு முந்தைய வருடத்தை எடுத்துவிட்டேன்.

நான் படிக்கிற மாலை வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது தூசி ஒன்றுதான்.

சுரங்கத்தின் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. நிலக்கரி வெட்டுகிறவர்கள் மாதத்தில் ஒரு நாள் காலரில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் சுவாசிக்கிற காற்றை அதுவும் இழுக்கும். அதன் வாய்க்குள் அதே அகலத்தில் இருக்கும் வட்ட வடிதாளில் தூசி படியும்; மறுநாள் அதை நான் எடை போடுவேன்.

கட்டுரையில் இதுவரை எழுதியது: நிலக்கரித் தூசி வெறும் கரி அல்ல. அதில் களிமண் இருக்கிறது, கொஞ்சம் இரும்பு இருக்கிறது, பாறையிலிருந்து வரும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியைத் துப்பிவிடலாம். தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். போனது திரும்பாது.

(கடைசி வாக்கியம் அதிகமோ? ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.)

உதாரணத்துக்கு, அங்கே நிலக்கரி வெட்டுகிற அப்பாவின் எண்களை எடுத்தேன். அவருடைய தாள்தான் எப்போதும் வெள்ளை. 0.3 மில்லிகிராம், மிஞ்சினால் 0.4.

"தூசிக்கே என்னைக் கண்டா பயம்டி" என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். சளி என்பார்.

தவறி எடுத்த பதிவேட்டில் அப்பாவின் பெயருக்கு நேரே நவம்பரில் 3.8. டிசம்பரில் 4.1.

மூன்று மாதம் தொடர்ந்து இரண்டைத் தாண்டினால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் சுரங்கத்து விதி. அடுத்த பதிவேட்டைத் திறந்தேன். ஜனவரியில் 0.4. அதனால் எக்ஸ்ரே இல்லை. இருபது மாதமாக இல்லை.

அதே ஆள், அதே இடம், அதே இயந்திரம். முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். பிறகு என்னை.

வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தேன். கொடியில் அப்பாவின் கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவே, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு வட்டம்.

முகம் துடைத்தால் கறை வட்டமாகவா விழும்? வாராவாரம் துவைத்தவள் நான். ஒரு நாளும் யோசித்ததில்லை.

பையில் இருந்த புது வடிதாளை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

"என்ன படிப்பாளியம்மா, இன்னிக்குக் கிளாஸுக்கு மட்டமா?" உள்ளேயிருந்து அப்பா. பின்னாலேயே இருமல்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த ஜனவரியில்தான். முதல் நாள் கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என் தாளையும் நீதான் எடை போடுவியாம்மா?"

ஆமாம் என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

நாளை காலை: இருபது எடைகளையும் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். பக்கத்தில் என் கையெழுத்து. பிறகு அப்பாவை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போக வேண்டும்.