பதினேழாவது கடையில் கிடைத்த கார்டு

லேகோஸ் கம்ப்யூட்டர் சந்தையில் மோரெனிகே பதினேழாவது கடைக்குள் நுழைந்தாள். அவளுடைய எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் பழைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு எரிந்துவிட்டது. சனிக்கிழமை கல்யாணம், இன்னும் நாற்பது உடுப்புகள் பாக்கி.

"ஏஜிபி கார்டா? அந்தப் பழைய மாடலைச் செஞ்சவனே மறந்திருப்பான், அக்கா," என்றான் கடைக்காரன் ஒகேசியே.

"நீ மறக்கலையே. தேடு."

பழைய பாகங்கள் கிடந்த ஒரு மூட்டையின் அடியில் ஒன்று இருந்தது. தன் தையல் பட்டறைக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரில் சொருகியதும் திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. வெள்ளி மதியம் கடைசி உடுப்பையும் மணப்பெண்ணின் அம்மா பாடிக்கொண்டே வாங்கிப் போனாள்.

எதிர்க்கடைத் தையற்காரி எட்டிப் பார்த்தாள்.

"தெருவுல மூணு நாளா கரண்ட் இல்ல. உன் ஜெனரேட்டர் மட்டும் எப்படிடீ சத்தமே போடல?"

மோரெனிகேயிடம் ஜெனரேட்டர் கிடையாது. திரும்பிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் அடுத்த ஆர்டருக்கான துணியை மெஷினில் மாட்டினாள்.