எறும்பு மருந்து

"இந்தப் பவுடரை இங்க யாரு போட்டது?"

குடோனுக்குப் பின்னால் நின்று உமாபதி கத்தினான். சுவரை ஒட்டி, கதவிலிருந்து மூலை வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும் எறும்புகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன.

ஆறு வருடமாக அங்கே கூட்டிப் பெருக்கும் கங்கையம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "நான்தாம்பா. நேத்து சாயந்திரம் எறும்பு சாரை சாரையா உள்ள போயிக்கினு இருந்துது, அதான்..."

"வாயை மூடு."

முசரவாக்கத்தில் அவன் நடத்தும் மாவு மில்லுக்கு ஆர்கானிக் சான்றிதழ் வாங்க இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தான். கொசுவத்திச் சுருளைக்கூட வெளியே வீசிவிட்டான். கை கழுவும் தொட்டியில் கிடந்த பாச்சா உருண்டைகளைத் தானே பொறுக்கி எடுத்தான். பூச்சி மருந்து எதுவும் காம்பவுண்டுக்குள் வரக் கூடாது என்று வேலையாட்கள் ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தான்.

சோதனைக்கு வந்திருந்த சந்தியாவும் காலையிலிருந்து குறை ஒன்றும் சொல்லவில்லை. அரிசி மூட்டையில் குத்தூசியை விட்டு எடுத்துப் பார்த்தவள், "நாலு மாச ஸ்டாக்குன்னு சொல்றீங்க. ஒரு வண்டுகூட இல்லையே சார்" என்று ஆச்சரியப்பட்டாள்.

"அவ்ளோ சுத்தமா வச்சிருக்கோம் மேடம்" என்றான் உமாபதி.

இப்போது அவள் ரெஜிஸ்டர்களை முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்துகொண்டிருந்தாள். உமாபதி கங்கையம்மாளின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினான்.

"பெருக்காதீங்க சார். அப்படியே இருக்கட்டும்."

சந்தியாவின் கண் வெள்ளைக் கோட்டின் மேலேயே இருந்தது. அடுத்த நொடி உமாபதி கங்கையம்மாள் பக்கம் கையை நீட்டினான்.

"மில்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை மேடம். இந்தம்மா எங்கிருந்தோ மருந்து வாங்கியாந்து போட்டிருக்குது. இப்பவே வேலையை விட்டு நிறுத்திட்டேன்."

"மருந்தா? நான் எங்க..."

"பேசாதே. ஆறு வருஷம் சோறு போட்டவன் வயித்துல அடிச்சிட்டியே."

கங்கையம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சும்மாவா போட்டே? முதுகு ஒடிய வேலை செஞ்சேன், கூலி குடுத்தே. உன் மில்லு நல்லா இருக்கணும்னுதான்யா இதையும் செஞ்சேன். என்னைப் பேச வுடேன்."

"நீ ஒண்ணும் பேச வேணாம். வெளிய போ."

சந்தியா குனிந்து பவுடரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது விஷம்தானா சார்? நிச்சயமாத் தெரியுமா?"

"பார்த்தாலே தெரியலையா மேடம்? தின்ன எறும்பு ஒண்ணுகூடப் பொழைக்கலை. வேணும்னா லேபுக்கு அனுப்புங்க. இது விஷம்தான்னு நானே எழுதிக் குடுக்கறேன்."

சந்தியா பவுடரை ஒரு கவரில் அள்ளி ஒட்டினாள். அதன் மேல் உமாபதி, பேனா கவரைக் கிழிக்கிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

கங்கையம்மாள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சந்தியா அவளை நிறுத்தினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்த மருந்துக்குப் பேர் என்ன? எங்க வாங்கினீங்க?"

உமாபதி ஏதோ சொல்ல வந்தான். சந்தியா கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

கங்கையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்தே கூடாதுன்னு சொன்னாரேம்மா. எறும்பு வெளியவே தின்னுட்டுப் போவட்டும்னு கிழிஞ்ச பாக்கெட்டை எடுத்துக் கொட்டினேன். எங்க மில்லு இடியாப்ப மாவுதாம்மா அது."