மூன்றாவது விழும் இடம்

தாம்பரம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் துளசிங்கத்தின் புதுக் கார் மறுபடியும் அணைந்து நிற்கிறது. நேற்றுப் பூஜைக்கு வைத்த சந்தனம் முன்கண்ணாடியில் காய்ந்து வெடித்திருக்கிறது. பதினேழு வருடம் அவர் ஓட்டிய காய்கறி வேனுக்கு நான்கே கியர். தேய்ந்துபோன அதன் தண்டைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்து மேலே தள்ளினால்தான் மூன்றாவது விழும். இந்தக் காரில் அந்த இடத்தில் ஐந்தாவது உட்கார்ந்திருக்கிறது. “மறுபடி அஞ்சுல போட்டுட்டப்பா. மூணு, மூணு” என்கிறாள் பக்கத்தில் மகள் சரிதா. மதியம் திருச்சியில் அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு; தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டும். சான்றிதழ் ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். “தெரியுதும்மா. கை கேக்க மாட்டேங்குது.” பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. “இன்னா சார், ரோட்ட வெலைக்கு வாங்கிகினியா?” என்று கண்டக்டர் தலையை நீட்டிக் கத்துகிறார். துளசிங்கம் சாவியைத் திருப்புகிறார். முதல் கியர், இரண்டாவது. மூன்று, மூன்று என்று உதடு முணுமுணுக்க, வியர்த்த இடக்கை தண்டைத் தன் பக்கமாக இழுத்து மேலே தள்ளுகிறது. கார் உதறி அணைகிறது. பாலத்துக்குக் கீழே திருச்சி ரயில் வெயிலில் மெல்ல நகர்ந்து வருகிறது. பெட்டி பெட்டியாகக் கடந்து, கடைசிப் பெட்டியின் மஞ்சள் பெருக்கல் குறியும் சிறுத்துப் போகிறது. சரிதா ஃபைலைப் பின் இருக்கையில் வைக்கிறாள். “விடுப்பா. வூட்டுக்கே போலாம்.” அவர் காரைக் கிளப்புகிறார். முதல் கியர். இரண்டாவது. சத்தமே இல்லாமல் மூன்றாவது விழுகிறது.