சஷ்டிக் கிண்ணம்

"முருகா" என்று கண்களை மூடியபடி மூன்றாவது கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டு முடித்தார் ராமநாதன். கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள். ஒருவேளைச் சாப்பாடுதான், அந்த ஒரு வேளையில் எத்தனை கிண்ணம் என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லவில்லை.

பதுளை கடைவீதியில் அவருக்கு மளிகைக்கடை, கோயில் பரிபாலன சபையில் தலைவர் பதவி, நெற்றி நிறையத் திருநீறு. ஹாலிஎல தேயிலைத் தோட்டத்திலிருந்து கடை வேலைக்கு வரும் அழகையாவை, விரத நாளில் கருவாட்டு வாடையோடு வந்துவிட்டான் என்று காலையில்தான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

கிண்ணம் மருமகள் மேனுஷாவின் கைவேலை. கல்யாணமாகி வந்து அவளுக்கு இது முதல் தீபாவளி. சமைத்ததில் பாதி பிரிட்ஜில் கிடந்தது. மிஞ்சியதையெல்லாம் வெந்த சிவப்பரிசியிலும் தினையிலும் கொட்டி மேலே மல்லித்தழை தூவினால் அதற்கு 'பவுல்' என்று பெயராம், வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்களாம். போனில் பார்த்திருந்தாள்.

கடலை, பூசணிக்காய், உதிர்த்த வடை எல்லாம் உள்ளே போயின. கவிச்சி தொடாத மாமியார் ராமலட்சுமிக்காகச் செய்து மிஞ்சிய சோயாப் பிரட்டலும் நீல மூடி டப்பாவிலிருந்து பாதி போனது. விரதச் சமையல் என்பதால் மேனுஷா எதையும் ருசி பார்க்கவில்லை.

விரதத்துக்குப் பழசு ஆகாதே என்று ராமலட்சுமி முகத்தைச் சுளித்தார். இந்த விஷயங்களில் இம்மியளவும் விட்டுக்கொடுக்காத ராமநாதன், சாப்பாட்டை வீணாக்குவதுதான் பெரும் பாவம் என்று மருமகள் பக்கம் நின்றார். மேனுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ராமலட்சுமி பாலையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு பூசையறைக்குள் போய்விட்டார்.

தீபாவளிக்குச் சமைத்து மிஞ்சிய மட்டன் பிரட்டலைப் பற்றிக் கவலையே இல்லை. முந்தின நாள் வீடு கழுவும் முன்பே, பிரிட்ஜிலிருந்த கவிச்சியை ஒழிக்கும் பொறுப்பை ராமநாதனே ஏற்றுக்கொண்டார். சிவப்பு மூடி டப்பாவைத் தன் கையாலேயே அழகையாவிடம் கொடுத்தனுப்பினார்.

அந்த டப்பாவைத்தான் அழகையா இப்போது பின்கதவில் கொண்டுவந்து நீட்டினான். வெறும் டப்பாவாகத் திருப்பித் தரக்கூடாது என்று உள்ளே நாலைந்து பேஷன் பழம் போட்டிருந்தான். மட்டன் எப்படி இருந்தது என்று மேனுஷா கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான்.

"நல்லாருந்துச்சுங்கம்மா. ஆனா வீட்டுல எல்லாரும் அது சோயான்னு அடிச்சுச் சொல்றாங்க. மொதலாளி வீட்டுல பொய்யா சொல்லப்போறாங்கன்னு நான்தான் சண்ட போட்டேன்."

மேனுஷா பிரிட்ஜைத் திறந்து நீல மூடி டப்பாவில் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தாள். நார் நாராக வந்தது. அசல் மட்டன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயிலில் ஊர் பார்க்கக் கையில் காப்புக் கட்டிக்கொள்ளப் போகிற மனிதருக்கு மூன்று கிண்ணம் மட்டன் போட்டிருக்கிறாள். சொல்லாமல் விட்டால் பாவம் அவள் தலையில். சொன்னால் மாமியார் இன்றைக்கே பண்டாரவளைக்குப் பஸ் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கணவன் துவாரகன் கொழும்பில் வேலையில் இருந்தான். பரிந்து பேசவும் ஆளில்லை.

ராமநாதன் புது வேட்டியும் சால்வையுமாக வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தார். மேனுஷாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, நீங்க சாப்பிட்டது சோயா இல்ல, மட்டன். டப்பா மாறிப்போச்சு. என்னைய மன்னிச்சிருங்க மாமா."

ராமநாதன் திரும்பிப் பூசையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மருமகள் பக்கம் குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. மூடிய மாத்துனது நான்னு ஒங்க அத்தைக்குத் தெரிஞ்சா, மிச்சத்தையும் அழகையாவுக்குக் குடுத்துருவா."